தனியாக வளர்ந்த குரங்கைத் துணையோடு சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மீட்பு மையத்திலோ உயிரியல் பூங்காவிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பராமரிப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேசப்போவது நாட்டுக்குரங்கைப் பற்றி. தென்னிந்தியாவில் வீட்டுத் திண்ணையிலும் கடை வாசலிலும் சங்கிலியில் கிடந்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் அதுதான். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, இன்னொரு குரங்கின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த விலங்கு அது. மூலையில் ஒடுங்கி உட்காரும், முன்னும் பின்னும் ஆடும், சில நேரம் தன் கையையே கடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து இன்னொரு குரங்கு. இதை எல்லோரும் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். அந்த மருந்தை எந்த வரிசையில் கொடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். வரிசை மாறினால் காது கிழியும், விரல் போகும், சில நேரம் உயிரும் போகும்.

வீட்டில் குரங்கு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களே முயலக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக்குரங்கை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். குரங்கைப் பழக்கி வேடிக்கை காட்டுவதற்கும் 1998 முதல் தடை இருக்கிறது. உங்கள் முதல் படியும் கடைசிப் படியும் வனத்துறைக்குச் சொல்வதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒட்டினாற்போல் வைக்கவும் தள்ளிவைக்கவும் முடிகிற இரண்டு கூண்டுகள். நடுவில் கம்பிவலைத் தடுப்பு. அந்தத் தடுப்பில் வெளியிலிருந்தே இழுத்து மூடக்கூடிய இரண்டு தள்ளு கதவுகள். ஒரே கதவு இருந்தால் வலுத்த குரங்கு அதில் உட்கார்ந்துகொண்டு மற்றதை உள்ளே அடைத்துவிடும். எந்த மூலையும் முட்டுச்சந்தாக இருக்கக் கூடாது.

கூண்டுக்குள் மனிதத் தலைக்கு மேலே உட்காரப் பலகைகள் வேண்டும். பயந்த குரங்கு மேலே ஏறும். ஏற இடம் இல்லாத கூண்டில் அதன் பயம் தணியவே தணியாது. நடுநடுவே சாக்குத் திரையோ மரப்பலகையோ நிறுத்தி, ஒன்றின் பார்வையிலிருந்து மற்றது மறைய வழி செய்யுங்கள்.

இவை தவிர ஒரு குறிப்பேடு, தண்ணீர்க் குழாய், ஓர் அகலமான பலகை, பிடிவலை, கூப்பிட்டால் வரக்கூடிய கால்நடை மருத்துவர், கூண்டைத் தெரிந்த இரண்டு பேர். கடி வாங்கினால் என்ன செய்வது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்பது. கடித்த பிறகு யாருக்கும் இது நினைவுக்கு வராது.

1. முதலில் உடம்பு, பிறகு மனம்

ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்ததும் “பாவம், ஏக்கம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல்வலி, குடற்புழு, ரத்தசோகை, இடுப்புச் சங்கிலி தசைக்குள் புதைந்த புண், காசநோய் என எதுவானாலும் குரங்கு இதே மாதிரிதான் உட்காரும். நோய் இருக்கும் விலங்கைத் துணையோடு சேர்த்தால் இரண்டு கெடுதல். நோய் பரவும். வலியில் இருப்பது பதிலடி கொடுக்க முடியாமல் அடி வாங்கும்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கும்போது பற்கள், தோல், மூட்டுகள், எடை எல்லாவற்றையும் ஒரே முறையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். காசநோய்ப் பரிசோதனைக்கான ஊசியை மேல் இமைத் தோலில் போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இமையில் போடுவதால் குரங்கைத் திரும்பப் பிடிக்காமல் வெளியில் நின்றே பார்த்துவிடலாம். ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது, இடைவெளி விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். காசநோய் மனிதரிடமிருந்து குரங்குக்கும் போகும் என்பதால் இருமலோடு யாரும் உள்ளே வரக் கூடாது.

உணவை இந்தக் கட்டத்திலேயே திருத்துங்கள். கடை வாசலில் வளர்ந்தவை பன்னும் பிஸ்கட்டும் டீயுமாகவே இருந்திருக்கும். குரங்குக்கும் நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. ஈறு வீங்கி மூட்டு வலிக்கும் குரங்கு அசையாமல் கிடப்பதை மனச்சோர்வு என்று எழுதிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொய்யா, நெல்லிக்காய், கீரை, முளைகட்டிய பயறு என்று மெல்ல மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும்.

வயது வந்த கடுவன் (ஆண் குரங்கு) என்றால் இனப்பெருக்கத் தடை அறுவையை இப்போதே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு, நோய்த்தடுப்புக் காலம் என்று சொல்லி ஜன்னல் இல்லாத அறையில் அடைப்பது. தனிமையால் கெட்ட விலங்குக்கு இன்னும் கொஞ்சம் தனிமை. மூச்சும் எச்சிலும் எட்டாத தொலைவில், ஆனால் மற்றக் குரங்குகளின் குரல் காதில் விழும் இடத்தில் வையுங்கள்.

2. துணை தேடும் முன் குறிப்பேடு

சேர்ப்பதற்கு முன்பு எப்படி இருந்தது என்று எழுதிவைக்காவிட்டால், சேர்த்த பிறகு தேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் படியைத்தான் புதியவர்கள் அதிகம் தாவுகிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான்.

குரங்கின் கண்ணில் படாத இடத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரம், 2 நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து, அந்த நொடியில் அது என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். 30 பதிவுகள் கிடைக்கும். காலை, மதியம், மாலை என்று மாற்றி மாற்றி ஒரு வாரமாவது செய்யுங்கள். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் கடிப்பதும் குதிப்பதும்தான் மனத்தில் நிற்கும். மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது பதிவாகாது. இங்கே நமக்கு வேண்டியது அந்தச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான்.

அதிலும் எல்லா உட்காரலும் ஒன்றல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் நீள்வால் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேரல் ஷைவ்லி குழுவினர் பயன்படுத்திய வரையறை எளிமையானது: உடல் சரிந்து குறுகியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், சுற்றி நடப்பதற்கு எந்த எதிர்வினையும் இருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அது மனச்சோர்வு போன்ற நிலை. கண் மூடியிருந்தால் தூக்கம். பக்கத்துக் கூண்டில் தட்டு விழுந்ததும் தலை திரும்பினால் வெறும் ஓய்வு. மார்கழிக் காலையில் நல்ல குரங்குகூட குறுகித்தான் உட்காரும். வெயில் ஏறிய பிறகு பாருங்கள்.

கூடவே இவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்: ஒரே தடத்தில் சுற்றி நடப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, தன்னையே கட்டிக்கொள்வது, முடியைப் பிடுங்குவது, கண் ஓரத்தில் விரலை அழுத்துவது, தன்னைக் கடிப்பது. கடித்தால் தோல் கிழிந்ததா இல்லையா என்பதும் வேண்டும். தனிக்கூண்டில் வாழும் குரங்குகளிடம் இவை அபூர்வம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் தனிக்கூண்டில் இருந்த 362 செம்முகக் குரங்குகளைப் பார்த்து 2003இல் வெளியிட்ட கணக்கில், 321 குரங்குகளிடம் இப்படி ஏதோ ஒன்றாவது இருந்தது. சுற்றி நடப்பதுதான் மிக அதிகம்.

“சோகமாக இருந்தது”, “கோபமாக இருந்தது” என்று குறிப்பேட்டில் எழுத வேண்டாம். உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள். ஒரு தன்னார்வலர் “இன்று மகிழ்ச்சியாகச் சிரித்தது” என்று எழுதியிருந்தார். குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பயம், பணிவு. வாயை வட்டமாகத் திறந்து முறைத்தால் மிரட்டல். கோரைப்பல் தெரிய விடும் கொட்டாவியும் பல நேரம் மிரட்டல்தான். உதட்டைச் சப்புக்கொட்டினால் நட்பு. இந்த நான்கையும் பிரித்தறியத் தெரியாதவரை மூன்றாம் படிக்கு மேலே அனுப்பாதீர்கள்.

3. மனிதக் கையை மெல்ல விலக்குங்கள்

வந்த குரங்கு கம்பி வழியே கையை நீட்டும். சட்டையைப் பிடிக்கும். தன்னார்வலர்கள் உருகிவிடுவார்கள். மடியில் வைத்துக்கொள்வது, பெயர் சொல்லிக் கொஞ்சுவது, செல்ஃபி எடுப்பது எல்லாம் நடக்கும். இவை ஒவ்வொன்றும் குரங்குக்குக் கற்றுத்தருவது ஒன்றைத்தான்: துணை என்றால் மனிதன். அந்தப் பாடம் முற்றிய குரங்கு, பக்கத்துக் கூண்டில் தன் இனம் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

அதற்காக ஒரே நாளில் வெட்டிவிடவும் கூடாது. வளர்த்தவரை இழந்து வந்த குரங்குக்கு அது இரண்டாவது பிரிவு. பிரிவில் ஒரு வரிசை உண்டு. முதலில் கத்தலும் அலைச்சலும், பிறகு அடங்கி ஒடுங்குதல். கத்தல் நின்றதும் “பழகிவிட்டது” என்று நிம்மதி அடைகிறார்கள். பல நேரம் அது ஒடுங்கத் தொடங்கிய அறிகுறி.

ஆகவே ஒரே பராமரிப்பாளர், ஒரே நேரம், தொடாத உறவு. அவர் வருவார், பேசாமல் இரை போடுவார், சற்று நேரம் பக்கவாட்டில் திரும்பி உட்காருவார், போவார். நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது. குரங்கின் கணக்கில் அது மிரட்டல்.

கை விலகும்போது காலியாகும் நேரத்தை வேலையால் நிரப்புங்கள். காட்டுக் குரங்கு பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதில்தான் செலவழிக்கிறது. தட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு மீதிப் பகல் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும். வைக்கோலில் வேர்க்கடலையும் தானியமும் தூவுங்கள், மூங்கில் குழாய்க்குள் வெல்லம் தடவுங்கள், ஆலங்கிளையைக் கனியோடு கட்டித் தொங்கவிடுங்கள். வாழைப்பழத்தைத் தோலோடு கொடுங்கள். உரித்துக் கொடுப்பவரை எந்தச் சமையலறையிலும் ஒருவராவது பார்க்கலாம்.

4. துணையைத் தேர்ந்தெடுப்பது

“இதுவும் தனியாக வந்தது, அதுவும் தனியாக வந்தது, இரண்டையும் சேர்த்துவிடலாம்” என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. செய்யாதீர்கள். குரங்கு மொழி தெரியாத இரண்டும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. தாயின்றிச் சேர்த்து வளர்க்கப்பட்ட குட்டிகள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டே கிடந்து விளையாடாமல் போனதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் ஆய்வுக்கூடம் பதிவு செய்திருக்கிறது.

அதே கூடத்திலிருந்துதான் சரியான வழியும் வந்தது. பிறந்தது முதல் ஆறு மாதம் தனியே அடைக்கப்பட்ட குட்டிகளோடு, இயல்பாக வளர்ந்த 3 மாதக் குட்டிகளைத் தினமும் சிறிது நேரம் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் சேர்த்தார்கள். ஒத்த வயதுக் குரங்குகள் அடித்த இடத்தில் இந்தச் சின்னவை போய் ஒட்டிக்கொண்டன. 1971இல் வெளியான அந்த முடிவுகளின்படி அடைபட்டவை பெருமளவு தேறின. அந்த ஆய்வுகளின் கொடுமை பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, இங்கே வேண்டாம். நமக்கு வேண்டிய பாடம் இதுதான்: துணை, மிரட்டாத அளவுக்குச் சின்னதாகவும் குரங்குப் பழக்கம் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும்.

எனவே என் வரிசை: தாயோடு வளர்ந்து பால் மறந்த இளங்குட்டி முதலில். அது கிடைக்காவிட்டால் நிதானமான வயதான மந்தி (பெண் குரங்கு). வயது வந்த இரண்டு கடுவன்களைச் சேர்ப்பது அனுபவசாலிகளின் வேலை. வந்த குரங்கு பிறரைக் கடிக்கும் பழக்கம் உள்ளதென்றால் குட்டியைப் பணயம் வைக்காதீர்கள், மந்திக்குப் போங்கள்.

நாட்டுக்குரங்கிடம் நமக்குச் சாதகமான ஒரு குணம் உண்டு. 1960களில் நியூயார்க்கில் காஃப்மன், ரோசன்ப்ளம் என்ற ஆய்வாளர்கள் குழுவிலிருந்து தாய்களை விலக்கிப் பார்த்தபோது, பன்றிவால் குரங்குக் குட்டிகள் கத்தி ஓய்ந்து, தலையைக் கால்களுக்கு நடுவே புதைத்து உட்கார்ந்துவிட்டன. நாட்டுக்குரங்குக் குட்டிகளோ குழுவின் மற்ற மந்திகளிடம் போய் ஒட்டிக்கொண்டன. நெருங்கி உட்காரவும் பிறர் குட்டியை ஏந்தவும் இந்த இனம் தயங்குவதில்லை. வயதான மந்தியை நான் இரண்டாவதாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

5. அறிமுகம்: கண், விரல், கதவு

முதலில் கண். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், எட்ட முடியாது. கூண்டுகளுக்கு நடுவே கை நீளத்துக்கு மேல் இடைவெளி விடுங்கள். தனியாக வளர்ந்தது முதலில் முதுகைக் காட்டி உட்காரும், அல்லது ஆட்டம் அதிகமாகும். பதறாதீர்கள். உணவு இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது விரல். கூண்டுகளை நெருக்கிக் கம்பிவலை வழியே விரல் நுழையும்படி செய்யுங்கள், முகம் நுழையக் கூடாது. இங்கேதான் பொறுமை வேண்டும். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் காத்திருப்பது எளிது: யார் மேல், யார் கீழ் என்பது கம்பிவலைக்கு இரு புறமிருந்தே முடிவாக வேண்டும். ஒன்று நெருங்கும்போது மற்றது விலகுகிறதா? பல் இளிப்பது எப்போதும் ஒரே குரங்குதானா? அப்படியென்றால் தீர்ந்தது. கதவு திறந்த பிறகு சண்டை போட்டுத் தீர்க்க எதுவும் மிச்சமில்லை. 1980களில் விஸ்கான்சினில் விக்டர் ரெய்ன்ஹார்ட் வயது வந்த குரங்குகளை ஜோடி சேர்த்தது இந்த அடிப்படையில்தான். மாறாக இரண்டும் மாறி மாறி மிரட்டிக்கொண்டே நாட்கள் போனால் துணையை மாற்றுங்கள். நாள் சேர்ந்தால் சரியாகும் வகை அல்ல அது.

நல்ல அறிகுறி வரும்போது தவறாமல் தெரியும். மந்தி கம்பிவலை ஓரம் வந்து உதட்டைச் சப்புக்கொட்டும். வந்த குரங்கு வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, விலாவைக் கம்பியில் ஒட்டவைத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். மந்தியின் இரண்டு விரல்கள் கம்பிக்கு வெளியே வந்து முடியை வகிர்ந்து பேன் பார்க்கத் தொடங்கும். தொட்ட நொடி உடம்பு விறைக்கும், துள்ளி ஓடும், திரும்ப வரும். ஓடிப் போவதைப் பார்த்துத் தோல்வி என்று எழுதாதீர்கள். திரும்ப வந்ததை எழுதுங்கள்.

6. கதவைத் திறக்கும் நாள்

காலையில் திறங்கள், அதுவும் பகல் முழுவதும் ஆள் இருக்கும் நாளில். சனிக்கிழமை மாலையில் திறந்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கான கணக்கு வரும்.

முடிந்தால் இரண்டுக்கும் புதிதான மூன்றாவது கூண்டில் சேருங்கள். ஒன்றின் வீட்டுக்குள் மற்றதை விட்டால் வந்தது அத்துமீறியதாகிவிடும். திறப்பதற்கு முன்பே இரையைப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் தூவிவைத்திருங்கள். ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடமே சண்டைக்களமாகும்.

துரத்தல், தள்ளல், மேலே ஏறுதல், ஓரிரு அறை, கூச்சல் எல்லாம் இயல்பு. கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் பிரித்தால் முடிவாகாத சண்டை அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும்.

பிரிக்க வேண்டிய நேரம் வேறு. கடித்த வாய் விடாமல் பிடித்திருப்பது, ரத்தம் ஓடுவது, ஒன்று மூலையை விட்டு நகரவே முடியாமல் போவது, அல்லது பகல் முழுவதும் ஒன்றுக்கு ஒரு கவளமும் கிடைக்காதது. அப்போதும் கையை உள்ளே நீட்டாதீர்கள். தண்ணீர், பெரிய சத்தம், நடுவில் பலகை, கதவு. இந்த வரிசையில்.

பகல் அமைதியாகப் போனால் இரவும் சேர்ந்தே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் சில நாட்களுக்கு இரவில் மட்டும் கம்பிவலையை மூடுங்கள். ஒன்றையொன்று பார்க்க முடிய வேண்டும்.

7. பிறகு என்ன பார்ப்பது

அதே குறிப்பேடு, அதே 2 நிமிடக் கணக்கு, அதே நேரங்கள். முதலில் மாறுவது எதிர்வினை. சத்தத்துக்குத் தலை திரும்பும், துணை நகர்ந்தால் கண் தொடரும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தின்னும். பேன் பார்க்க உடம்பைக் கொடுக்கும். தானே பிறருக்குப் பேன் பார்ப்பது தாமதமாகத்தான் வரும். நான் தேறியது என்று எழுதுவது அதற்குப் பிறகுதான்.

சுற்றி நடப்பதும் ஆடுவதும் கடைசிவரை கொஞ்சம் மிச்சமிருக்கலாம். காயம் ஆறிய பின்னும் தழும்பு நிற்பதுபோல அது. அதைப் பார்த்து ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள். ஆனால் தோல் கிழியக் கடித்துக்கொள்வது தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். சில விலங்குகளுக்கு மருந்து உதவும். அளவும் காலமும் அவர் முடிவு. மருந்து கொடுக்கிறோம் என்பதற்காகத் துணையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றைச் சிகிச்சைக்குத் தனியே எடுக்க வேண்டி வந்தால், பார்வைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நாட்கணக்கில் மறைத்துவிட்டுத் திரும்ப விட்டால், ஐந்தாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும்.

8. கூட்டத்தில் சேர்ப்பது

தனியாக அனுப்பாதீர்கள், ஜோடியாகவே அனுப்புங்கள். அடி விழும்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு உடம்பு வேண்டும்.

கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டவும் வேண்டாம். முதலில் இளங்குட்டிகள், பிறகு கீழ்நிலை மந்திகள், கடைசியில் தலைமை மந்தியும் அவள் மகள்களும். மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்குபவை. தாயின் நிலைதான் மகளின் நிலை. ஒருத்தியோடு மோதினால் அந்தக் குடும்பமே திரண்டு வரும். கடுவன்கள் வளர்ந்ததும் கூட்டம் மாறுபவை என்பதால், புதிய கடுவனைக் கூட்டம் தனியே எடைபோடும். அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

சில குரங்குகள் கூட்டத்துக்கு ஒத்துவருவதே இல்லை. மூன்றாவது முறையும் ஓரத்தில் ஒடுங்கி எடை குறைந்தால் இழுத்தடிக்காதீர்கள். அந்த ஜோடியைக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கூண்டில், நடுவில் கம்பிவலையோடு நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

காட்டில் விடுவது பற்றிக் கேட்பார்கள். சங்கிலியில் பல ஆண்டுகள் வளர்ந்ததை மலையடிவாரத்திலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்டுப் போவது விடுதலை அல்ல. அங்கிருக்கும் கூட்டம் அடித்து விரட்டும், அது நேரே டீக்கடைக்கு வரும், அங்கே யாரையாவது கடிக்கும், திரும்பவும் சங்கிலி. காட்டுக்கு விடலாமா என்பதை வனத்துறையும் மருத்துவரும் ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்வார்கள். அவர்களிடம் கொடுக்கும் கோப்பில் முதல் தாளாகக் குறிப்பேட்டின் நகலை வையுங்கள்.